வேற்றினக் குழந்தை வளர்ப்பும் பிறந்த மண்ணின் பதிவேடும்

தத்தெடுத்தல் நம் நாட்டுக்குப் புதிய வழக்கமன்று. மகப்பேறில்லாதவர் தம் உறவிலோ கிளையிலோ ஒரு மகனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பழைய தரும நூல்களும், அவற்றின் அடியொற்றி எழுந்த நீதிமன்றத் தீர்ப்புகளும் விரிவாகப் பேசுகின்றன. குலம் தொடர வேண்டும், ஈமக்கடன் நிறைவேற வேண்டும், சொத்து உரியவரிடம் சேர வேண்டும் என்பனவே அவ்வழக்கத்தின் நோக்கங்கள். குழந்தைக்கு ஒரு குடும்பம் தேவை என்பதையே முதன்மையாகக் கொண்ட தத்தெடுப்பு அண்மைக் காலத்தது. பழைய முறையில் தத்துப் பிள்ளையும் பெற்றோரும் பெரும்பாலும் ஒரே சாதியினர், ஒரே மொழியினர், ஏறத்தாழ ஒரே நிறத்தினர். வேற்றூரில் குடியேறிவிட்டால், முகத்தைக் கண்டு எவரும் எதையும் ஊகிக்க இயலாது.

ஓர் இனத்துப் பெற்றோர் வேறோர் இனத்துக் குழந்தையைத் தத்தெடுக்கும்பொழுது நிலைமை முற்றிலும் மாறுபடுகிறது. சுவீடன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வெண்ணிறத் தம்பதியருடன் கடைவீதிக்குச் செல்லும் இந்தியச் சிறுமியைக் காண்போர், அவள் அவர்கள் ஈன்ற மகள் அல்லள் என்பதைக் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொள்கின்றனர். அவளுக்கே அது விளங்குமுன் வீதிக்கு விளங்கிவிடுகிறது. பிற்காலத்தில் அவள் தன்னைப் பற்றிக் கேட்கப்போகும் வினாக்களை அயலார் முன்கூட்டியே கேட்டுவிடுகின்றனர்.

இத்தகைய குழந்தையை வளர்ப்பது அப்பெற்றோரின் சொந்தப் பொறுப்பு என்றும், குழந்தை விமானம் ஏறியவுடன் நம் அலுவலகங்களின் பணி முடிந்தது என்றும் கருதுவோர் நம்மிடையே உளர். இக்கருத்து சரியன்று. வேற்றினக் குழந்தையின் வளர்ப்பு அது சென்றடையும் இல்லத்தில் தொடங்குவதில்லை. அதனைப் பற்றி இங்கே அறிக்கை எழுதும் சமூகப்பணியாளரின் மேசையில் தொடங்குகிறது. ஏனெனில் அக்குழந்தை தன் நிறத்திற்கும் முகத்திற்கும் காரணம் கேட்கும் நாளில், வளர்ப்புப் பெற்றோரிடம் அன்பு இருக்கும், விடை இராது. விடை என்று ஏதேனும் உண்டெனில், அது நாம் எழுதி வைத்த தாள்களில்தான் உண்டு.

வழக்கம் பரவிய விதம்

எல்லை கடந்த தத்தெடுப்பு பெருமளவில் பரவியதற்குப் போர்களே முதற்காரணம். கொரியப் போர் 1953இல் ஓய்ந்தது. 1955இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹோல்ட் தம்பதியர், அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தின் துணையுடன் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். அதன் பின்னர்க் கொரியாவிலிருந்து அயல்நாடுகளுக்குச் சென்ற குழந்தைகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் எனக் கணக்கிடப்படுகிறது. 1975 ஏப்ரலில், வியட்நாம் போரின் இறுதி நாள்களில், ஆயிரக்கணக்கான குழந்தைகள் சைகோனிலிருந்து விமானம் மூலம் வெளியேற்றப்பட்டனர். முதல் விமானங்களுள் ஒன்று ஏப்ரல் 4ஆம் நாள் விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் மாண்டனர். அவசரத்தில் நிகழ்ந்த அவ்வெளியேற்றத்தில், எக்குழந்தை உண்மையில் பெற்றோரை இழந்தது, எது தற்காலிகமாக விடுதியில் விடப்பட்டது என்பதை முறையாகப் பிரித்தறியவில்லை என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது.

இந்தியாவிலிருந்து குழந்தைகள் சென்றதற்குப் போர் காரணமன்று. வறுமையும், மணமாகாத தாய்மைக்கு நேர்ந்த இழிவும், பெண்குழந்தையை வேண்டாத மனப்போக்குமே காரணங்கள். சட்டம் அதற்கேற்ப அமைந்திருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தவருக்கே உரியது. எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972இலும், மாற்றங்களுடன் 1980இலும் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை. ஆகவே அயல்நாட்டுத் தம்பதியர் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின் கீழ்க் காப்பாளராக மட்டும் அமர்த்தப்பட்டுக் குழந்தையை அழைத்துச் சென்று, தம் நாட்டு நீதிமன்றத்தில் தத்தெடுத்துக்கொண்டனர்.

இந்த ஏற்பாட்டில் ஓர் இடர் மறைந்திருந்தது. குழந்தை இங்கே தத்துப் பிள்ளை அன்று. அங்கே சென்றபின் பெற்றோர் உரிய விண்ணப்பங்களை அளித்தால்தான் குடிமகன். அமெரிக்காவில் சில பெற்றோர் தத்தெடுத்ததோடு அமைந்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறினர். 2000ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய குழந்தைக் குடியுரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கே பயன்பட்டது. அதற்கு மூத்தவர்களுள் சிலர், ஆங்கிலமன்றி வேறு மொழி அறியாதவர்கள், குற்ற வழக்குகளில் சிக்கியபின் தாம் பிறந்த நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு.

1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1982இல் லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அயல்நாட்டவர்க்கு இந்தியக் குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் நிறுவனங்களின் முறைகேடுகளை அது சுட்டியது. நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. 1984 பிப்ரவரி 6ஆம் நாள் நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான ஆயம் வழங்கிய தீர்ப்பு, சட்டம் இல்லாத இடத்தில் சட்டத்தின் பணியைச் செய்தது. தத்தெடுக்க விரும்பும் அயல்நாட்டவர் தம் அரசால் ஏற்கப்பட்ட நலநிறுவனம் ஒன்றின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் குடும்பத்தில் குழந்தைக்கு இடம் தேடிய பின்னரே அயல்நாடு பற்றி எண்ண வேண்டும். குழந்தை பிறக்கும் முன்னரோ, பிறந்த மூன்று மாதத்திற்குள்ளோ பெற்றவர்களை இது குறித்து முடிவெடுக்க அனுமதிக்கவும் கூடாது என்பன அதன் விதிகளுட் சில.

தீர்ப்பின் ஒரு பகுதி பலராலும் கவனிக்கப்படுவதில்லை. குழந்தையை மூன்று வயதுக்குள் அனுப்புவது விரும்பத்தக்கது என்று கூறிய நீதிமன்றம், புதிய சூழலிலும் பண்பாட்டிலும் அது எளிதில் ஒன்றிவிடும் என்பதையே அதற்குக் காரணமாகக் காட்டியது. அதே தீர்ப்பு, குழந்தை வளர்ந்து முதிர்ச்சி பெற்றபின் தன்னை ஈன்றவர்களைப் பற்றி அறிய விரும்பினால், வளர்ப்புப் பெற்றோர் தம் விருப்பப்படி அதனைத் தெரிவிக்கலாம் என்றும் கூறியது. முதலாவது கருத்து, மறத்தல் நலம் என்ற அன்றைய எண்ணத்தின் சாயல் உடையது. இரண்டாவது, மறக்க முடியாது என்பதை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. பின்வந்த நாற்பது ஆண்டு அனுபவம் இரண்டாவதன் பக்கமே நிற்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பிந்திய வளர்ச்சியைச் சுருங்கக் கூறின்: 1990இல் மத்திய தத்தெடுப்பு ஆதார நிறுவனம், சுருக்கமாகக் ‘காரா’, அமைக்கப்பட்டது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை 2003இல் ஏற்புறுதி செய்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காராவுக்குச் சட்டபூர்வத் தகுதி அளித்தது. 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. 2018-19இல் உள்நாட்டில் 3,374 குழந்தைகளும், அயல்நாட்டுக்கு 653 குழந்தைகளும் தத்துச் சென்றனர். அயல்நாடு செல்வோருள் கணிசமானோர், உள்நாட்டில் எடுப்பார் இல்லாத, தனிக்கவனம் தேவைப்படும் குழந்தைகளோ, சற்று வயது முதிர்ந்தவர்களோ ஆவர். 

நிறத்தைக் காணாத அன்பு

வேற்றினக் குழந்தையைத் தத்தெடுத்த நல்ல பெற்றோர் பலர் பெருமிதத்துடன் கூறும் சொற்றொடர் ஒன்றுண்டு: ‘நாங்கள் இவளுடைய நிறத்தைப் பார்ப்பதே இல்லை.’ சொல்வோர் உள்ளத்தில் களங்கமில்லை. ஆயினும் நிறத்தைப் பள்ளி பார்க்கிறது, பேருந்து பார்க்கிறது, பிற்காலத்தில் வீடு வாடகைக்கு விடுபவரும் வேலை கொடுப்பவரும் பார்க்கின்றனர். ஊரே பார்க்கும் ஒன்றை வீடு மட்டும் பார்க்க மறுத்தால், வெளியே தனக்கு நேர்ந்ததை வீட்டில் சொல்லச் சொற்கள் இல்லாமல் குழந்தை தவிக்கிறது. சொன்னாலும், ‘அவர்கள் விளையாட்டாகச் சொல்லியிருப்பார்கள்’ என்ற ஆறுதலே கிடைக்கிறது.

இது பற்றிய விவாதம் அமெரிக்காவில் கடுமையாக நிகழ்ந்தது. 1972இல் அந்நாட்டுக் கறுப்பினச் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கம், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் இல்லங்களில் வைப்பதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. இனப்பாகுபாடு நிறைந்த சமுதாயத்தில் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை, அப்பாகுபாட்டைத் தாமே பட்டறிந்த பெற்றோரால்தான் கற்பிக்க முடியும் என்பது அதன் சாரம். அதே காலத்தில் ரீட்டா சைமன், ஹோவர்ட் ஆல்ட்ஸ்டீன் என்னும் இருவர் அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதிக் குடும்பங்களை ஆராயத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்தனர். அக்குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்ந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. சட்டம் இந்த இரண்டாவது முடிவின் பக்கம் சாய்ந்தது. 1994, 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள், இனத்தைக் காரணம் காட்டித் தத்தெடுப்பைத் தாமதிப்பதையும் மறுப்பதையும் தடுத்தன. பிரிட்டனில், குழந்தையின் இனத்தையும் பண்பாட்டையும் கருதிப் பார்க்க வேண்டும் என்றிருந்த கடப்பாடு, தத்தெடுப்பைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 2014இல் நீக்கப்பட்டது.

அமெரிக்கப் பூர்வகுடியினர் பற்றி வேறு கொள்கை பின்பற்றப்படுகிறது. பூர்வகுடிக் குழந்தைகள் பெரும் எண்ணிக்கையில் தம் சமுதாயத்திலிருந்து பிரிக்கப்பட்ட அனுபவத்தின் பேரில் 1978இல் இயற்றப்பட்ட சட்டம், அக்குழந்தைகளுக்கு முதலில் உறவினரிடமும் இனக்குழுவிடமும் இடம் தேட வேண்டும் என்கிறது. அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023இல் இச்சட்டத்தை நிலைநிறுத்தியது. ஒரே நாட்டில், ஒரே பொருள் பற்றி, இரு வேறு குழந்தைகளுக்கு இரு வேறு நீதி நிலவுவது மாணவர்கள் ஆராய்தற்குரியது.

ஆய்வு முடிவுகளை நோக்குவோம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெம்மி யுஃபர், வான் ஐசென்டோர்ன் ஆகியோர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இலும் 2007இலும் வெளியிட்ட முடிவுகள் நம்பிக்கையளிப்பவை. நாடு கடந்து தத்தெடுக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் நலமாக உள்ளனர். தன்மதிப்பில் வேற்றின இல்லத்தில் வளர்ந்தோர் குறைந்தவர் அல்லர். எனினும் மனநல மருத்துவர் உதவியை நாடுவோர் அவர்களிடையே மிகுதி. யுஃபர் 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இலங்கை, தென்கொரியா, கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து நெதர்லாந்து சென்ற ஏழு வயதுக் குழந்தைகளைப் பற்றியது. தான் வெண்ணிறமாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஆசையை வெளியிட்ட குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. ஏழு வயதில், அன்புள்ள இல்லத்தில், எவரும் கற்பிக்காமலேயே அந்த ஆசை எழுகிறது. சராசரிக் கணக்கு நன்றாக இருப்பதைக் கொண்டு இந்த ஆசையைப் புறக்கணிப்பதற்கில்லை.

எனவே, வேற்றின இல்லம் நன்றா தீதா என்ற பழைய வினாவால் இன்று பெரும்பயன் இல்லை. அந்த இல்லம் என்ன செய்ய வேண்டும், அதற்கு நாம் எதைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதே வினா.

உடல் சொல்லும் செய்தி

மிக எளிய செய்திகளிலிருந்தே தொடங்கலாம். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்பொழுதே முதுகின் அடிப்பகுதியிலும் பிட்டத்திலும் கருநீலப் படலம் காணப்படும். சில ஆண்டுகளில் தானே மறையும். நம் தாய்மார் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மேலைநாட்டுக் குழந்தைகள் காப்பகப் பணியாளர் ஒருவர் இதனை முதன்முறை காணும்பொழுது, அடித்ததால் கன்றிய தழும்பென்று ஐயுறக்கூடும். இப்படலம் மருத்துவ அறிக்கையில் ஒரு வரியாகப் பதிவாகியிருந்தால், ஒரு குடும்பம் விசாரணைக்கு ஆளாகாமல் தப்பும். இடது தோளில் உள்ள பி.சி.ஜி. தழும்பும் அத்தகையதே. அமெரிக்கா போன்ற நாடுகளில் அத்தடுப்பூசி பொதுவாகப் போடப்படுவதில்லை. தழும்பின் காரணம் அறியாத குழந்தை அதனைக் காயமென்று எண்ணுகிறது. தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனையின் முடிவும் இதனால் குழப்பம் தரக்கூடும்.

கருநிறத் தோலில் மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் தடிப்பும் வெண்தோலில் தோன்றுவது போல் தோன்றா. பால் செரிக்காமை நம் நாட்டில் மிகுதி. பாலே உணவின் அடிப்படையாக உள்ள வடநாட்டுப் பள்ளிகளில் குழந்தையின் வயிற்றுவலிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆப்பிரிக்க வழிக் குழந்தையின் சுருண்ட முடியை எவ்வாறு சீவி, எண்ணெயிட்டு, பின்னுவது என்பதை வெள்ளைத் தாய் ஒருத்தி பிறரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காக அவள் ஒரு கறுப்பினப் பெண்ணின் முடிதிருத்தகத்திற்கு வாரந்தோறும் செல்வாளாயின், முடியைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று விளைகிறது. குழந்தை தன்னைப் போன்ற முகங்களின் நடுவே, எவரும் திரும்பிப் பாராத ஒரு மணி நேரம் இருக்கிறது.

இந்தியப் பெண்குழந்தைகளைப் பற்றிச் சுவீடனில் 1991இல் வெளியான ஆய்வு நம் மருத்துவர்களும் அறியவேண்டுவது. அங்கே தத்தெடுக்கப்பட்ட இந்தியச் சிறுமியர் பூப்பெய்திய வயதின் நடுமதிப்பு 11.6 ஆண்டுகள், வழக்கத்திற்கு முந்தியது. ஊட்டக்குறைவிலிருந்து திடீரென வளமான உணவுக்கு மாறியதால் ஏற்பட்ட விரைந்த வளர்ச்சி இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படை, பதிவேட்டிலுள்ள பிறந்த நாளாகும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு நாம் உத்தேசமாக ஒரு நாளைக் குறிக்கிறோம். அது உத்தேசம் என்பதை அதன் அருகிலேயே எழுதிவிட்டால், பத்தாண்டு கழித்துத் தொலைநாட்டு மருத்துவர் ஒருவர் வழிதவற மாட்டார்.

இரு பாடங்கள்

வேற்றினக் குழந்தைக்கு வீட்டில் இரு பாடங்கள் தேவை என்பர் இத்துறையினர். ஒன்று, பிறந்த நாட்டின் பண்பாடு. மற்றொன்று, நிறத்தால் நேரும் அவமதிப்பை எதிர்கொள்ளும் ஆயத்தம். முன்னது எளிது, மகிழ்ச்சியானதும்கூட. தீபாவளிக்கு விளக்கேற்றுவது, இந்திய உணவு சமைப்பது, கோடை முகாமில் நடனம் கற்பிப்பது ஆகியவற்றைப் பெற்றோர் ஆர்வத்துடன் செய்கின்றனர். பின்னதைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கூச்சம். தம் இனத்தாரைத் தாமே குறைகூறுவது போல் அது அமைந்துவிடுகிறது. ஆண்டுக்கொரு நாள் பட்டுப்பாவாடை அணிவித்துவிட்டு எஞ்சிய நாள்களில் அவ்விடத்தில் அவள் ஒருத்தியே கருநிறத்தவளாக இருக்கும்படி விடுவது முழுமையான வளர்ப்பாகாது. கலவையான குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தல், கருநிறமுடைய ஆசிரியரோ மருத்துவரோ உள்ள இடத்திற்கு அழைத்துச் செல்லுதல், தகாத சொல்லைக் கேட்டுவந்த குழந்தையின் கூற்றை ஐயமின்றி நம்புதல் ஆகியவை விழாக்களைவிடக் கடினமானவை. பயன் மிகுந்தவையும் அவையே.

பண்பாடு என்று நாம் பொதுவாகச் சொல்லும்பொழுதும் ஓர் எச்சரிக்கை தேவை. அனுப்பப்பட்ட குழந்தை ‘இந்தியா’ என்னும் பொதுவிடத்தில் பிறக்கவில்லை. ஒரு வட்டத்தில், ஒரு மொழியில், ஒரு தாயிடம் பிறந்தது. ஒடியா பேசும் பழங்குடிக் கிராமத்துக் குழந்தைக்குப் பஞ்சாபி உணவும் திரைப்பட நடனமும் பிறந்த மண்ணின் அடையாளமாக ஊட்டப்படுவதற்குக் காரணம், பல நேரங்களில், அறிக்கையில் மாநிலத்தின் பெயருக்கு மேல் ஏதும் இல்லாமையே.

அறிக்கை எழுதுபவர்

குழந்தை ஆய்வறிக்கையில் இருக்க வேண்டியவற்றை 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பே வரிசைப்படுத்தியது. ஆவணச் சான்றுடன் கூடிய அடையாள விவரங்கள், பெற்றோர் பற்றிய செய்திகள், உடல் மன வளர்ச்சி, மருத்துவ நிலை, அண்மைக்காலப் புகைப்படம், தற்போதைய சூழல், அயல்நாட்டுத் தத்தெடுப்பைப் பரிந்துரைப்பதற்கான காரணம் ஆகியன அவை. ஹேக் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு குழந்தையின் இன, சமய, பண்பாட்டுப் பின்னணியைக் கருதுமாறும், 30ஆம் பிரிவு அதன் தோற்றம், பெற்றோர் அடையாளம், மருத்துவ வரலாறு பற்றிய தகவல்களைப் பாதுகாக்குமாறும் உறுப்பு நாடுகளைப் பணிக்கின்றன. விதிகளில் குறையில்லை.

குறை, எழுதும் விதத்தில் நேர்கிறது. ‘பெற்றோர் யாரெனத் தெரியவில்லை. குழந்தை இயல்பாக உள்ளது. எல்லோருடனும் பழகுகிறது.’ ஒரு நிறுவனத்தின் நூறு அறிக்கைகளுக்கும் இவ்வரிகள் பொருந்தக்கூடும். தட்டச்சு செய்பவர்க்கு வசதி. ஆனால் இவ்வரிகளே ஒருவருடைய முன்வரலாறு முழுவதுமாகிவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டதெனில், எந்த ஊர்ப் பேருந்து நிற்கும் இடம்? போர்த்தியிருந்த துணி யாது? கண்டவர் எவ்வகைப் பணியாளர்? குழந்தை பேசியதெனில் எம்மொழி? எந்த உணவை விரும்பிற்று? விடுதியில் அதனைத் தூக்கி வளர்த்த ஆயா எந்தப் பெயரால் அழைத்தார்? இவை நீதிமன்றத்திற்குத் தேவையற்றவை. குழந்தைக்கு இவையே தேவை.

மொழியைப் பற்றித் தனியே கூறவேண்டும். சற்று முதிர்ந்த வயதில் செல்லும் குழந்தை தன் தாய்மொழியை வியக்கத்தக்க விரைவில் இழக்கிறது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துச் சென்ற கொரியர்களை, அவர்கள் பெரியவர்களான பின்னர் ஆராய்ந்த பல்லியே குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவின்படி, கொரிய வாக்கியங்களை அவர்களால் பிற அயன்மொழிகளிலிருந்து பிரித்தறியவும் இயலவில்லை. ஆனால் 2014இல் கனடாவில் வெளியான மற்றோர் ஆய்வில், குழந்தைப் பருவத்திலேயே சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே அறிந்த சிறுமியரின் மூளை, சீன மொழியின் தொனி வேறுபாடுகளை அம்மொழி பேசுவோரின் மூளை போன்றே ஏற்றது. நினைவில் இல்லாதது மூளையில் எஞ்சியிருந்தது. ஆயாவின் குரலில் ஒரு தாலாட்டையோ நான்கைந்து அன்றாடச் சொற்களையோ ஒலிப்பதிவு செய்து குழந்தையுடன் அனுப்புவதற்கு இன்று செலவே இல்லை.

பொய்யான தாள்கள்

எழுதாமல் விடுவதினும் கொடியது பொய்யாக எழுதுவது. நெதர்லாந்து அரசு அமைத்த குழு, 1967 முதல் 1998 வரை வங்கதேசம், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. போலிப் பதிவுகளும், பணத்திற்குக் குழந்தைகளைப் பெற்றதும், அதனை அறிந்தும் அதிகாரிகள் வாளாவிருந்ததும் அதில் வெளிப்பட்டன. இலங்கையில் 1980களில் ‘குழந்தைப் பண்ணைகள்’ இயங்கியதும், ஈன்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண் நீதிமன்றத்தில் தாயாக நடித்ததும் பின்னாளில் தேடிவந்த பிள்ளைகளால் தெரியவந்தன. தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில், பெற்றோர் உள்ள குழந்தைகள் அநாதைகளெனப் பதியப்பட்டதை உறுதிசெய்து, அரசின் பொறுப்பைச் சுட்டியது. சீனா 2024இல் அயல்நாட்டுத் தத்தெடுப்பைப் பொதுவாக நிறுத்திவிட்டது. நெதர்லாந்தும் அதே ஆண்டில் அதனைப் படிப்படியாகக் கைவிட முடிவு செய்தது.

நாமும் விலக்கல்லோம். 1990களின் இறுதியில் ஆந்திரத்தின் லம்பாடித் தாண்டாக்களிலிருந்து பெண்குழந்தைகள் சிறுதொகைக்குப் பெறப்பட்டு, துறப்புப் பத்திரங்களுடன் நிறுவனங்களைச் சென்றடைந்தமை வெளிச்சத்திற்கு வந்து பெரும் விவாதத்தை எழுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கைநாட்டு அத்தாள்களில் இருந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், துறந்த பெற்றோர் மறுபரிசீலனை செய்ய இரண்டு மாதக் காலம் அளிக்கிறது. அக்காலம் எதற்காக என்பதை அவர்தம் மொழியிலேயே விளக்கினார் எவர், எத்தனை முறை, என்பதையும் கோப்பில் குறித்தல் வேண்டும்.

தேடி வருவோர்

இருபது, முப்பது வயதில் அவர்கள் வருகின்றனர். நம் முகமும் அயல்நாட்டுப் பேச்சும் உடைய அவர்களைக் கண்டு அலுவலக வாயிற்காவலர் முதலில் தமிழிலோ இந்தியிலோ பேசுவார். விடை வாராதது கண்டு திகைப்பார். வாழ்நாள் முழுதும் ‘நீ எந்த நாட்டவள்?’ என்று அங்கே கேட்கப்பட்டவருக்கு, இங்கே எவரும் அதனைக் கேட்காத முதல் அரைமணி நேரம் பெரும் ஆறுதல். வாய் திறந்தவுடன் அது தீர்ந்துவிடுகிறது.

வேர்தேடல் எனப்படும் இதற்குத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் இடமுண்டு. 18 வயது நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம். நிரம்பாதவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஈன்றவர் தம் பெயரை வெளியிட வேண்டாமெனக் கோரியிருப்பின் அவருடைய இசைவு தேவை. மூன்றாமவர் தேடுவதற்கு அனுமதியில்லை. மணமாகிப் புதுவாழ்வு தொடங்கியுள்ள தாயைக் காக்கும் இவ்விதிகள் நியாயமானவையே. ஆயினும் இசைவு பெறாமலேயே சொல்லத்தக்கவை பல உள: பிறந்த வட்டம், மருத்துவமனையின் வகை, பேசிய மொழி, துறந்ததற்கான சூழ்நிலை, ஆயா இட்ட பெயர். அவை எழுதப்பட்டிருந்தால் சொல்லலாம். கரையான் அரித்த கட்டுகளையும், நிறுவனம் மூடப்பட்டபின் எங்கு சென்றனவென்று தெரியாத பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு எந்த விதியாலும் பயனில்லை. பழைய பதிவேடுகளைப் படியெடுத்து மாநில அளவில் ஓரிடத்தில் காப்பது, புதிய திட்டம் எதனைக் காட்டிலும் சிறுசெலவில் முடியக்கூடியது.

நம் நாட்டிற்குள்ளேயே

இவையனைத்தும் மேலைநாட்டவர் சிக்கல் என்று கருதிவிடலாகாது. மணிப்பூரிலோ மிசோரத்திலோ பிறந்த குழந்தை தில்லியிலோ சென்னையிலோ வளருமாயின், அதன் கண்களைக் கண்டு அயல்நாட்டுப் பெயர் சொல்லி அழைக்கும் வாய்கள் நம் தெருக்களில் உண்டு. 2014 ஜனவரியில் தில்லியில் அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்ததையடுத்து அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, வடகிழக்கு மக்கள் பெருநகரங்களில் எதிர்கொள்ளும் இன அவமதிப்பை அதே ஆண்டில் பதிவு செய்தது. குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்தி மக்களின் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். வெண்ணிறக் குழந்தைதான் வேண்டும் எனக் கேட்கும் தம்பதியரைத் தத்தெடுப்பு நிலையங்களில் பணியாற்றும் எவரும் அறிவர். கருநிறக் குழந்தையை ஏற்று, பின்னர் உறவினர் பேச்சுக்கு அஞ்சி முகப்பூச்சுகளை நாடுவோரையும் அறிவர்.

இல்ல ஆய்வுக்குச் செல்லும் சமூகப்பணியாளர் வருமானம், வீட்டின் அளவு, உடல்நலம், உறவினரின் இசைவு ஆகியவற்றைக் கேட்டெழுதுகிறார். முகத்தாலோ நிறத்தாலோ வேறுபட்ட குழந்தையை ஏற்க முன்வருவோரிடம் அவர் இன்னும் ஒன்றைக் கேட்கலாம்: இந்தத் தெருவில், குழந்தை சேரப்போகும் பள்ளியில், நீங்கள் வழக்கமாக விருந்துக்குச் செல்லும் வீடுகளில், இக்குழந்தையைப் போன்ற முகமுடையவர் எத்தனை பேர்? பலருக்கு உடனே விடை வராது. சிலர் யோசித்துவிட்டு ஒருவரும் இல்லை என்பர். அந்த விடையையும் அவ்வாறே எழுதிக்கொள்ள அறிக்கைப் படிவத்தில் இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.